சிதம்பரத்திலிருந்து வந்த 73: கணித அறிஞர் எஸ். எஸ். பிள்ளை



நம் மாவட்டத்தோடு தொடர்புடைய பெரியவர்களை அறிமுகம் செய்யும் இந்தப் பகுதியில் இம்முறை ஒரு கணித ஆசிரியரைப் பற்றிப் படிக்கப் போகிறீர்கள். அவர் பிறந்தது இந்த மாவட்டத்தில் இல்லை. ஆனால் அவர் பெயரை உலகக் கணித நூல்களில் நிலைக்க வைத்த வேலையில் பெரும்பகுதி இங்கேதான் நடந்தது.

கடலூரிலோ சிதம்பரத்திலோ வசிக்கும் நம்மில் பலரும் அண்ணாமலை நகருக்குள் போய் வந்திருப்போம். சிலர் பிள்ளைகளின் சேர்க்கைக்காக, சிலர் மருத்துவமனைக்காக, சிலர் அங்கேயே படித்தவர்கள். சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் அந்த வளாகத்தில் 1929 முதல் 1941 வரை விரிவுரையாளராக இருந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகில் எஸ். எஸ். பிள்ளை என்றால் தெரியும். 170 ஆண்டுகளாகத் திறந்து கிடந்த ஒரு கணக்கின் முக்கியமான பகுதியை முடித்துக் கொடுத்தவர் அவர்.

வல்லத்துப் பையன்

தென்காசிப் பக்கம், குற்றாலத்துக்கு அருகே வல்லம் என்று ஓர் ஊர் உண்டு. (தஞ்சாவூர் வல்லம் வேறு.) அங்கே 1901 ஏப்ரல் 5 அன்று பிள்ளை பிறந்தார். தந்தை சுப்பையா பிள்ளை, தாய் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஒரு வயதானபோதே தாய் இறந்துவிட்டார். பள்ளியின் கடைசி வருடத்தில் தந்தையும் போய்ச் சேர்ந்தார். வீட்டில் பணம் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஒரு பையனின் படிப்பு அதோடு நின்றுபோவதுதான் வழக்கம்.

நிற்கவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒரு பள்ளி ஆசிரியர். சாஸ்திரியார் என்று அழைக்கப்பட்ட அவர், பையனின் திறமையை முன்பே கவனித்து வைத்திருந்தார். தன் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்து அவனைப் பள்ளிப் படிப்பை முடிக்க வைத்தார். பள்ளி ஆசிரியர் சம்பளம் அன்று எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதில் கிள்ளிக் கொடுத்த பணத்தால் கிடைத்தவர்தான் நாம் பேசும் பிள்ளை.

பிறகு உதவித்தொகை கிடைத்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. என்று படிப்பு நகர்ந்தது. 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்தார். அங்கே கே. ஆனந்த ராவ், ஆர். வைத்தியநாதசுவாமி என்ற இரு பேராசிரியர்களின் தொடர்பு கிடைத்தது. ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்ட அதே ஹார்டி. அந்த வழியில் வந்த கணிதம் சென்னையில் பிள்ளைக்குக் கிடைத்தது.

புதிய பல்கலைக்கழகம், புதிய விரிவுரையாளர்

சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதே 1929-ல்தான் பிள்ளையும் அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். பல்கலைக்கழகத்துக்கும் புதிது, அவருக்கும் புதிது.

அன்று இது தென்னாற்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். வெளிநாட்டு ஆய்விதழ்கள் கப்பலில் வந்த காலம். ஒரு கட்டுரைக்குப் பதில் எழுதி, அதற்கு மறுபதில் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கணினி கிடையாது. கணக்கு என்றால் காகிதமும் பேனாவும்தான். ஆனால் கணிதத் துறை சும்மா இருக்கவில்லை. பேராசிரியர் ஏ. நரசிங்க ராவ் அங்கே இருந்தார். இந்தியக் கணிதக் கழகம் மாணவர்களுக்காக 1933-ல் தொடங்கிய இதழைக் கவனித்துக்கொண்டவர் அவர். பல்கலைக்கழகமே ஓர் ஆய்விதழையும் வெளியிட்டது. பிள்ளையின் சில நல்ல கட்டுரைகள் அந்த இதழில்தான் வந்தன. வடக்கே இருந்த சர்வதமன் சவ்லாவோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை 1930-லேயே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்காக டி.எஸ்சி. பட்டம் பெற்ற முதல் ஆள் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

அவர் எடுத்துக்கொண்ட கணக்கு

கணக்கு என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். பிள்ளை செய்ததைக் கடைக்குப் போய்ச் சில்லறை கொடுக்கத் தெரிந்த யாருக்கும் புரிய வைக்கலாம்.

ஒரு விசித்திரமான ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் 1 ரூபாய், 64 ரூபாய், 729 ரூபாய், 4096 ரூபாய் என்றுதான் நோட்டுகள் உண்டு. 1, 2, 3, 4 ஆகிய எண்களை ஒவ்வொன்றையும் ஆறு முறை எழுதிப் பெருக்கினால் இந்த எண்கள் வரும். அதாவது ஆறாம் அடுக்குகள். இதற்கு மேலும் 5, 6, 7 என்று அடுத்தடுத்த எண்களின் ஆறாம் அடுக்குகள் பெரிய நோட்டுகளாக இருந்துகொண்டே போகும்.

இப்போது 703 ரூபாய் கொடுக்க வேண்டும். 729 பெரிது, உதவாது. 64 ரூபாய் நோட்டு பத்து கொடுத்தால் 640 ஆகும். பதினொன்று கொடுத்தால் 704, ஒரு ரூபாய் அதிகமாகிவிடும். ஆகவே மீதி 63 ரூபாய்க்கு 63 ஒற்றை ரூபாய் நோட்டுகள்தான் வழி. மொத்தம் 73 நோட்டுகள்.

கேள்வி இதுதான். 703-ஐ விடவும் தொல்லை தரும் தொகை ஏதாவது உண்டா? லட்சம், கோடி, கோடி கோடி என்று எந்தத் தொகையை எடுத்தாலும் 73 நோட்டுகளுக்குள் கொடுத்துவிட முடியுமா?

முடியும் என்று எல்லா எண்களுக்கும் நிரூபித்தவர் எஸ். எஸ். பிள்ளை. ஆண்டு 1940. பெங்களூரில் இருந்து வரும் இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் அது அச்சானது. எழுதப்பட்ட இடம் அண்ணாமலை நகர்.

இந்தக் கேள்வியின் பரம்பரை நீளமானது. 1770-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் வாரிங் என்பவர், எந்த எண்ணையும் 4 வர்க்கங்களாக, 9 கனங்களாக, 19 நான்காம் அடுக்குகளாகப் பிரித்துவிடலாம் என்று நிரூபணம் இல்லாமல் எழுதி வைத்தார். வர்க்கங்களுக்கு 4 போதும் என்பதை அதே ஆண்டில் லாக்ராஞ்சு நிரூபித்தார். கனங்களுக்கு 9 என்பது நிரூபணமாக 20-ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. எந்த அடுக்கை எடுத்தாலும் ஏதோ ஓர் எல்லை நிச்சயம் உண்டு என்று 1909-ல் ஜெர்மனியின் ஹில்பர்ட் காட்டினார். ஆனால் அந்த எல்லை சரியாக எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்வதுதான் மிச்சமிருந்த வேலை.

உங்கள் கைபேசியில் உள்ள கால்குலேட்டரில் இதைச் செய்து பாருங்கள். 1.5-ஐ அடுக்கின் எண்ணிக்கைப்படி பெருக்கி, புள்ளிக்குப் பின்னால் வருவதை விட்டுவிடுங்கள். அதோடு 2-ன் அதே அடுக்கைக் கூட்டி 2-ஐக் கழியுங்கள். வர்க்கத்துக்கு 4 வரும். கனத்துக்கு 9, நான்காம் அடுக்குக்கு 19, ஐந்தாம் அடுக்குக்கு 37, ஆறாம் அடுக்குக்கு 73. இதற்குக் குறையாது என்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். 703 ரூபாய் உதாரணம் போல ஒன்றைக் காட்டினால் போதும். இதற்கு மேலே போகவும் செய்யாது என்று காட்டுவதுதான் கடினம். ஏனென்றால் எண்களுக்கு முடிவில்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து சோதிக்க முடியாது.

வட்டத்தைச் சுற்றி வரும் தேர்

முடிவில்லாத எண்களை எப்படிக் கையாள்வது? அதற்கு அப்போது கிடைத்திருந்த புதிய கருவி கலப்பெண் தளத்தில் இருந்தது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் கலப்பெண் என்றால் என்ன என்று கேளுங்கள். சாதாரண எண்களை ஒரு நேர்கோட்டில் வைக்கலாம். கலப்பெண்களுக்கு ஒரு முழுத் தளமே வேண்டும்.

இந்த முறைக்கு ஹார்டியும் ராமானுஜனும் 1918-ல் வேறொரு கணக்குக்காக அடித்தளம் போட்டார்கள். பின்னர் ஹார்டியும் லிட்டில்வுட்டும் வாரிங் கணக்குக்கு அதைக் கொண்டு வந்தார்கள். ஓர் எண்ணை அடுக்குகளாகப் பிரிக்க எத்தனை வழிகள் உண்டு என்ற கேள்வியை, கலப்பெண் தளத்தில் ஒரு வட்டத்தைச் சுற்றி வந்து கூட்டிப் பார்க்கும் கணக்காக மாற்றிவிடுவார்கள்.

சிதம்பரத்தில் தேர் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். தேர் நான்கு வீதிகளையும் சுற்றுகிறது. ஆனாலும் கூட்டம் சில இடங்களில்தான் நெருக்கியடித்து நிற்கும். மற்ற இடங்களில் ஆள் சிதறிக் கிடக்கும். இந்த வட்டமும் அப்படித்தான். சுற்றி வரும்போது சில புள்ளிகளுக்கு அருகில் மட்டும் மதிப்பு பெரிதாகக் குவியும். அந்தக் குவியலை எண்ணிவிட்டு, மற்ற இடங்களில் சிதறிக் கிடப்பது அதைவிடச் சிறியது என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. வழிகளின் எண்ணிக்கை பூஜ்யத்தைவிடப் பெரிது என்று தெரிந்தால், குறைந்தது ஒரு வழியாவது இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் சிதறலைக் கட்டுப்படுத்துவதுதான் எப்போதும் பெரிய தலைவலி. 1930-களில் ரஷ்யாவின் வினோகிராதவ் அதற்கு மிகவும் வலுவான வழி கண்டுபிடித்தார். அந்தக் கட்டுரைகளின் பலனை உடனே புரிந்துகொண்டு வாரிங் கணக்கில் இறங்கியவர்கள் இருவர். ஒருவர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிக்சன். அப்போதே உலகப் புகழ் பெற்ற மூத்த பேராசிரியர். இன்னொருவர் சிதம்பரத்தில் 30 வயதைத் தாண்டிய விரிவுரையாளர் பிள்ளை.

ஏழாம் அடுக்கு முதல் மேலே உள்ளவற்றுக்கு இருவரும் 1935, 1936 ஆண்டுகளில் ஒருவரையொருவர் சாராமல் விடை கண்டார்கள். மேலே கால்குலேட்டரில் நீங்கள் போட்ட சூத்திரம், ஒரு சிறு நிபந்தனை பொருந்தும் அடுக்குகளுக்கெல்லாம் சரி என்று காட்டினார்கள். அந்த நிபந்தனை எல்லா அடுக்குகளுக்கும் பொருந்துமா என்பது இன்றைக்கும் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை.

ஆறாம் அடுக்கு மட்டும் இந்த வலையில் சிக்காமல் நின்றது. வினோகிராதவ் முறை மிகப் பெரிய எண்களுக்குத்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே உள்ள எண்களுக்கு வேறு வழி வேண்டும். அடுக்கு சிறியதாக ஆக ஆக, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடுவது சிரமம். அந்த இடைவெளியைக் கையால் கணக்குப் போட்டே மூடி, 1940-ல் 73 என்ற விடையை முடித்து வைத்தார் பிள்ளை. இந்த முறை டிக்சன் பக்கத்தில் இல்லை.

இது எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீனாவின் சென் ஜிங்ருன் 1964-ல்தான் நிரூபித்தார். நான்காம் அடுக்குக்கு 19 என்பது 1986-ல்தான் முடிந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியன். மற்ற இருவர் பிரான்ஸ் நாட்டின் தெசூயே, திரெஸ்.

வீட்டு எண்களில் ஒரு வேடிக்கை

பிள்ளை பெரிய கணக்குகளை மட்டும் பார்த்தவர் இல்லை. குழந்தைகளோடு விளையாடத் தக்க கேள்விகளும் அவரிடம் உண்டு.

நம்மைப் போன்ற குடியிருப்புகளில் வரிசையாக எண்கள் போட்டிருக்கும். அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மற்ற எந்த எண்ணோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண்ணாவது இருக்குமா? உதாரணமாக 114 முதல் 126 வரை எடுங்கள். இதில் ஒரு பகா எண்கூட இல்லை. ஆனாலும் 121 தனித்து நிற்கிறது. அது 11-ஐ 11-ஆல் பெருக்கியது, வரிசையில் வேறு யாரும் 11-ஆல் வகுபடமாட்டார்கள்.

அடுத்தடுத்த 16 எண்கள் வரை எங்கே எடுத்தாலும் இப்படி ஒரு தனியாள் நிச்சயம் இருப்பார் என்று பிள்ளை நிரூபித்தார். 17 ஆனதும் அந்த உறுதி உடைகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள 17 எண்களைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த வரிசையிலேயே ஏதோ ஒரு பங்காளி இருக்கிறார். 2189-க்கும் 2200-க்கும் 11 பொது. 2197-க்கும் 2184-க்கும் 13 பொது. ஒரு பென்சிலை எடுத்து மற்றவற்றையும் சரிபார்க்கலாம். 17 முதல் 430 வரை எந்த நீளத்துக்கும் இப்படி உடைகிற வரிசை உண்டு என்று பிள்ளை காட்டினார். அதற்கு மேலும் எல்லா நீளங்களுக்கும் உண்டு என்பதை 1941-ல் ஆல்ஃபிரட் பிரவுவர் நிரூபித்தார்.

இன்னொரு கேள்வியை அவர் நமக்கு விட்டுப் போயிருக்கிறார். 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று வர்க்கம், கனம் போன்ற முழு அடுக்குகளை வரிசையாக எழுதுங்கள். 8-க்கும் 9-க்கும் இடைவெளி 1. 25-க்கும் 27-க்கும் 2. போகப் போக இந்த இடைவெளிகள் எல்லையில்லாமல் பெரிதாகிவிடும், எந்த ஒரு குறிப்பிட்ட இடைவெளியும் சில முறைதான் வரும் என்பது பிள்ளையின் ஊகம். இடைவெளி 1 என்பது 8, 9 ஜோடியில் மட்டும்தான் வரும் என்பதை 2002-ல் மிகைலெஸ்கு நிரூபித்தார். இடைவெளி 2-க்கே இன்னும் நிரூபணம் இல்லை. பிள்ளையின் ஊகம் அவர் பெயரிலேயே இன்றும் திறந்து கிடக்கிறது.

எட்டாத மாநாடு

1941-ல் பிள்ளை திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஓராண்டில், ஜெர்மனியிலிருந்து வந்து கல்கத்தாவில் கணிதத் துறைத் தலைவராக இருந்த லெவி அழைத்ததன் பேரில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம் ஓராண்டு தங்கி ஆய்வு செய்ய அவரை அழைத்தது. ஐன்ஸ்டைன் இருந்த நிறுவனம் அது. அதே சமயத்தில் ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு ஆகஸ்ட் 30 அன்று தொடங்கவிருந்தது. போருக்குப் பின் நடக்கும் முதல் உலக மாநாடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகவும் அவர் புறப்பட்டார்.

1950 ஆகஸ்ட் 31 அன்று, கெய்ரோவிலிருந்து ரோமுக்குக் கிளம்பிய அந்த விமானத்தின் ஓர் எஞ்சினில் தீப்பிடித்தது. விமானம் திரும்பி வர முயன்று, எகிப்தின் மணல்வெளியில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு வயது 49. மாநாட்டுக்கு அவர் வரவில்லை, அவர் இறந்த செய்திதான் வந்தது.

அவர் எழுதிய கட்டுரைகள் 70-க்கும் மேல். பல இந்திய இதழ்களில் வந்தவை, வெளிநாட்டு நூலகங்களில் எளிதில் கிடைக்காதவை. வாரிங் கணக்கைப் பற்றிப் பேசும்போது டிக்சன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் நூல்களும் உண்டு. பிள்ளையின் எழுத்துகள் எல்லாம் ஒன்றாகத் தொகுக்கப்பட்டு இரண்டு தொகுதிகளாக வந்தது 2010-ல்தான். ராமானுஜன் கணிதக் கழகம் அதை வெளியிட்டது. நான்காம் அடுக்கை முடித்த அதே பாலசுப்பிரமணியன், ஆர். தங்கதுரையோடு சேர்ந்து அந்தத் தொகுப்பைச் செய்தார். இறந்து 60 ஆண்டுகள் ஆன பின்.

ராமானுஜனைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கும்பகோணம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். அவருக்குப் பின் வந்த தலைமுறையில், ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில், ஒரு சாதாரண விரிவுரையாளர் வேலையில் இருந்தபடி உலகத்தோடு சரிக்குச் சரியாக நின்றவரைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தச் சம்பளத்தில் பங்கு கொடுத்த ஆசிரியரைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். படிப்பு நின்றுபோகும் நிலையில் ஒரு பிள்ளை நம் வளாகத்தில் வேலை செய்பவர்களின் வீடுகளிலும் இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு இரண்டு கணக்குகள்

1. ஏழாம் அடுக்குகளை வைத்துச் செய்த நோட்டுகள் 1, 128, 2187 என்று வரும். எந்தத் தொகைக்கு 143 நோட்டுகள் தேவைப்படும்?

2. பிள்ளை 1933-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில் எழுதிய ஒரு கூட்டல் இது. 1 முதல் 6 வரை உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் 6-க்கும் உள்ள மீ.பொ.வ. கண்டு கூட்டினால் 1, 2, 3, 2, 1, 6 சேர்ந்து 15 வரும். இதேபோல் 10-க்கு எவ்வளவு வரும்?

விடைகள்: முதல் கணக்குக்கு 2175 (16 நோட்டுகள் 128 ரூபாய், 127 நோட்டுகள் 1 ரூபாய்). இரண்டாவதற்கு 27. விடையைப் பார்க்காமல் போட்ட பிள்ளைகள் தங்கள் தாளை அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வரட்டும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.